எண்ணெய் நாட்டில் ஒரு தண்ணீர் லாரி

என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்தது என் மனைவிதான். கொடுத்துவிட்டு வந்து, அரைக் கிலோ மத்தி வாங்கி வந்ததைச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள்: "அடுத்த மாசம் ரெண்டாம் சனிக்கிழமை வாயனசாலையில நீங்க பேசுறீங்க, கேட்டோ. குவைத்தைப் பத்தி."

எங்கள் மட்டாஞ்சேரித் தெருவில் ஒரு வாயனசாலை இருக்கிறது. படிப்பகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே கேரம் போர்டும் நாளிதழ்களும். மாடியில் புத்தக அலமாரிகளும் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகளும். மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு நாட்டைப் பற்றிப் பேசுவார். அந்த நாட்டின் நிலம், ஆட்சி, பொருளாதாரம் மூன்றையும் சொல்லியாக வேண்டும், அது செக்ரட்டரியின் சட்டம். முந்தின மாதம் ஓய்வு பெற்ற கல்லூரி வாத்தியார் ஒருவர் ஜப்பானைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். அவர் ஆலுவாவைத் தாண்டிப் போனதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் கைதட்டினோம். என் மனைவி அங்கே கமிட்டி மெம்பர். "போகாதவங்களே பேசுறாங்க, பதினேழு வருஷம் இருந்த எங்க வீட்டுக்காரர் பேசினா என்ன?" என்று கேட்டிருக்கிறாள். கேள்வி நியாயமானதுதான், குற்றம் சொல்ல முடியாது.

மறுநாள் வாயனசாலைப் பலகையில் சாக்பீஸால் பெரிதாக எழுதிப் போட்டுவிட்டார்கள். "குவைத்: நிலம், ஆட்சி, பொருளாதாரம். பேசுபவர், அங்கே எண்ணெய்க் கம்பெனியில் பதினேழு வருடம் பணியாற்றிய நம் தெருக்காரர்." நான் அதன் முன்னால் நின்று இரண்டு தடவை படித்தேன். குவைத் உண்மை. பதினேழு வருடம் உண்மை. எண்ணெய்க் கம்பெனி மட்டும் பொய். நான் அங்கே ஓட்டியது தண்ணீர் லாரி. இது என் மனைவிக்குத் தெரியாது.

பொய் என்று இப்போது ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். ஆனால் ஆரம்பத்தில் அது பொய் இல்லை, முட்டாள்தனம். என் விசாவில் டாங்கர் டிரைவர் என்று இருந்தது. குவைத், டாங்கர். இந்த இரண்டையும் சேர்த்து வைத்தால் மட்டாஞ்சேரியில் யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்? என் தாய்மாமாவும் அதைத்தான் நினைத்தார். திருப்பூணித்துறைக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பையனுக்கு எண்ணெய்க் கம்பெனியில வேலை" என்றார். பெண் வீட்டாரின் முகம் மலர்ந்தது. என் முகமும்தான் மலர்ந்தது, ஏனென்றால் நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி இருபத்தாறாம் நாள் விமானம் ஏறினேன்.

முதல் நாள் காலையில் ஒரு பாகிஸ்தானி மேஸ்திரி என்னை ஒரு நீண்ட லாரி வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மேலே இருந்து யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு ரப்பர் குழாய் தொங்கியது. லாரியின் மூடியைத் திறந்து குழாயை உள்ளே விட்டார்கள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன், பெட்ரோல் வாடை அடிக்குமே என்று. மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவர் ஒரு டம்ளரைக் குழாய்க்கு அடியில் பிடித்து, தானும் குடித்து, எனக்கும் கொடுத்தார். நல்ல தண்ணீர்.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போன் பண்ணினேன். புது மனைவி கேட்ட முதல் கேள்வி, "எண்ணெய் நாத்தம் ரொம்ப அடிக்குதா?" நான் ஒரு வினாடி யோசித்தேன். "ஆமா, கொஞ்சம்" என்றேன். அந்த இடத்தில்தான் முட்டாள்தனம் பொய்யாக மாறியது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், அதற்கு என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். மட்டாஞ்சேரியில் கைவண்டியில் இரண்டு டிரம்மை வைத்துத் தள்ளிக்கொண்டு, சாயாக்கடைகளுக்கும் சரக்குக் கிட்டங்கிகளுக்கும் தண்ணீர் ஊற்றுவார். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயரே கிடையாது. டிரம் என்றுதான் கூப்பிடுவார்கள். "டிரம்மே, உங்க அப்பன் வரார், வழிவிடு" என்பார்கள். ஹெவி லைசென்ஸ் எடுத்ததும் கடல் கடந்து போனதும் அந்தப் பெயரிலிருந்து தப்பிக்கத்தான். மூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் ஓடிப் போய், மறுபடியும் ஒரு டிரம்மின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன், இந்தத் தடவை டிரம் பெரிசு, அவ்வளவுதான். இதைப் போய் புதுப் பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது?

நாளாக ஆக, சொல்ல முடியாததற்கு வேறொரு காரணமும் சேர்ந்துகொண்டது. திருப்பூணித்துறையில் அவள் வீட்டில் கிணறு இருந்தது. கை நீட்டி மொண்டு பழகியவள். மட்டாஞ்சேரியிலோ, சுற்றிக் காயலும் கடலும், ஆடி மாதத்தில் தெருவில் முழங்கால் வரைக்கும் மழை வெள்ளம், ஆனால் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் கிடைக்காது. விடிவதற்கு முன்னால் பைப்பில் ஒரு மணி நேரம் நூலாக ஒழுகும். அதுவும் வராத நாளில் முக்கில் லாரி வரும், குடத்தோடு வரிசையில் நிற்க வேண்டும். வாராவாரம் போனில் அவள் சொல்வது முக்கால்வாசி அதுதான். இன்றைக்குப் பைப் வரவில்லை, நேற்று லாரிக்காரன் நாலு பேருக்கு முன்னால் மூடிவிட்டான், படியில் குடத்தோடு வழுக்கிவிட்டேன், இடுப்பு வலி. "உங்க ஊர்ல எண்ணெய் கொட்டுது, நம்ம ஊர்ல தண்ணி சொட்டலை" என்று அழுவாள். நான் தண்ணீர் நிரப்புகிற வரிசையில், லாரியின் நிழலில் நின்றுகொண்டு, "என்ன பண்றது, பொறுத்துக்கோ" என்பேன். வீடியோ கால் வந்த பிறகு இன்னும் சிரமம். லாரி தெரியாமல் இருக்க, தண்ணீர் நிரப்புகிற ஸ்டேஷனின் மஞ்சள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வேன். "உங்க ஆபீஸ் சுவருக்கு நல்ல கலர்" என்று அவள் பாராட்டியிருக்கிறாள்.

ஊர் திரும்பி இரண்டு வருடம் ஆகிறது. ஒரு சின்ன லாரி வாங்கி, பஜார் ரோட்டுக் கிட்டங்கிகளிலிருந்து சுக்கு, மிளகு மூட்டைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சந்துகளில் முன்னால் போவதே கஷ்டம், நான் பின்னால் எடுப்பேன், கண்ணாடியைப் பார்த்து ஒரே எடுப்பில். மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். "எண்ணெய்க் கம்பெனியில இதும் படிப்பிச்சாங்களா சேட்டா?" என்று ஒருத்தன் கேட்டான். நான் பெருமையை அடக்க முடியாமல் இளித்தேன், அப்புறம் வீடு வரைக்கும் பயந்துகொண்டே வந்தேன்.

இப்போது இந்தப் பேச்சு. என் மனைவி மூன்று வாரம் எனக்கு டியூஷன் எடுத்தாள் என்றே சொல்ல வேண்டும். வாயனசாலைப் புத்தகங்களைப் புரட்டி, போனில் தேடி, நாற்பது பக்க நோட்டில் அழகான மலையாளக் கையெழுத்தில் எழுதித் தந்தாள். வடக்கே ஈராக், தெற்கே சவூதி, கிழக்கே வளைகுடா. ஆறு மாகாணம். ஆறு என்று பாய்வது ஒன்றும் கிடையாது. ஒரே குடும்பத்திலிருந்து வருகிற அமீர், அரசியல் சட்டம், மக்கள் சபை. பிறகு எண்ணெய், எண்ணெய், பதினெட்டுப் பக்கம் எண்ணெய். சாப்பாடு போடும்போது கேள்வி கேட்பாள். "பர்கான் என்னது?" "எண்ணெய் வயல்." "கிணத்துல இருந்து எப்பிடி எடுப்பாங்க?" "அது... மிஷின் இருக்கு. கோழி கொத்துற மாதிரி தலையை ஆட்டும்." "அது டிவியில நானும் பார்த்தேன். நீங்க இருந்து பார்த்ததைச் சொல்லுங்க." மீன் முள் தொண்டையில் சிக்கியதாக நடித்துத் தப்பித்தேன். இரண்டு தடவைக்கு மேல் அந்த நடிப்பு எடுபடவில்லை.

காய்ச்சல் வரவழைக்கலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அவள் திருப்பூணித்துறையிலிருந்து தங்கச்சியையும் வரச் சொல்லிவிட்டாள். என் வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்தாள். தெருவில் போகிறவர்களை நிறுத்தி, "சனிக்கிழமை வரணும் கேட்டோ, எங்க வீட்டுக்காரர் பேசுறார்" என்று அழைத்தாள். பதினேழு வருடம் புருஷன் இல்லாமல் ஒரு வீட்டைத் தனியாக இழுத்தவள் அவள். அந்த வருடங்களுக்கு ஈடாக அவளிடம் காட்டிக்கொள்ள இருந்தது அந்த எண்ணெய்க் கம்பெனி ஒன்றுதான். அதைச் சபை நடுவில் அவள் கையிலிருந்து பிடுங்குவதா, இல்லை இன்னொரு தடவை பொய் சொல்லி வைத்துக்கொள்ளச் சொல்வதா? வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்கு விடை கிடைக்கவில்லை. சனிக்கிழமையும் கிடைக்கவில்லை.

அன்றைக்கு நல்ல மழை. மழைக்கு ஒதுங்கியவர்களும் சேர்ந்துகொண்டதால் நாற்பது நாற்காலியும் நிறைந்து, பெஞ்சும் போட்டார்கள். முன்வரிசையில் என் மனைவி, பக்கத்தில் தங்கச்சி. செக்ரட்டரி என்னைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார். அதில் மூன்று தடவை எண்ணெய் வந்தது. நான் எழுந்து நோட்டைத் திறந்து படிக்க ஆரம்பித்தேன். வடக்கே ஈராக், தெற்கே சவூதி. என் குரல் எனக்கே பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு மாதிரி கேட்டது. ஐந்தே நிமிடத்தில் பின்னால் ஒருவர் கொட்டாவி விட்டார், சத்தமாக.

எண்ணெய்ப் பக்கம் வந்ததும் நடுவரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறவர். "சேட்டா, ஒரு சம்சயம். அங்கத்தக் கச்சா எண்ணெய் கனமானதா, லேசானதா? அதைப் பிரிக்கறப்போ முதல்ல என்ன வரும்?" நான் நோட்டைப் புரட்டினேன். பதினெட்டுப் பக்கத்தில் அது இல்லை. மறுபடியும் புரட்டினேன். கஞ்சி போட்ட சட்டை முதுகோடு ஒட்டியது. துறைமுகக்காரர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை, பாவம், உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் என்னை இன்னும் வாட்டியது.

என் மனைவிக்கு நான் திணறுவது பொறுக்கவில்லை. என்னைக் கைதூக்கிவிட, ரொம்பச் சுலபமானது என்று நினைத்து, அவளே எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். "அது இருக்கட்டும். அந்த நாட்டுல ஆறு இல்லை, குளம் இல்லை, மழையும் இல்லைன்னு சொன்னீங்களே. பின்னே குடிக்கிற தண்ணி எங்கிருந்து வருது?"

அவள் கேட்டது எனக்காக. ஆனால் அது அவளுடைய கேள்வியும்தான், பதினேழு வருடம் குடத்தோடு நின்றவளின் கேள்வி. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இனி ஒரு பொய் என் வாயிலிருந்து வராது என்று தெரிந்துவிட்டது. நோட்டை மூடினேன்.

"கடல்ல இருந்து வருது" என்றேன். "கடல் தண்ணியைக் காய்ச்சுவாங்க. அந்த ஆவியைப் பிடிச்சா நல்ல தண்ணி. அதுல ருசி இருக்காதுன்னு கொஞ்சம் கிணத்து உப்புத் தண்ணியைக் கலப்பாங்க. அப்புறம் குழாய்ல போகும். குழாய் போகாத இடத்துக்கு லாரியில போகும். அந்த லாரியை நான்தான் ஓட்டினேன். பதினேழு வருஷம். எண்ணெய்க் கம்பெனியில நான் ஒரு நாள்கூட வேலை பார்க்கலை."

என் மனைவி உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. செக்ரட்டரி எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று பாதி எழுந்து நின்றார். அந்த நேரத்தில் பின்பெஞ்சிலிருந்து, சற்று முன் கொட்டாவி விட்டவர், "அப்போ அதைச் சொல்லுங்க சேட்டா!" என்றார்.

சொன்னேன். ஐயோ, எப்படிச் சொன்னேன்! எனக்குள் அவ்வளவு பேச்சு இருந்தது எனக்கே தெரியாது. சாக்பீஸ் வாங்கிப் பலகையில் குவைத்தை வரைந்தேன், நாட்டை இல்லை, ரோட்டை. வடக்கே அப்தலி, தக்காளித் தோட்டங்கள். தெற்கே வஃப்ரா, அங்கேயும் தோட்டங்கள். ஒட்டகமும் ஆடும் கட்டியிருப்பார்கள். மேற்கே ஜஹ்ரா. பார்க்கத் தோசைக்கல் மாதிரி தட்டையான நாடு, ஆனால் கடற்கரையிலிருந்து தென்மேற்கே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றம்; கண்ணுக்குத் தெரியாது, நிறைந்த லாரியின் கியருக்குத் தெரியும். கோடைகாலத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும். குளிக்கிற அறையில் ஹீட்டரை அணைத்து வைத்துவிட்டு, அந்த ஹீட்டரிலிருக்கிற தண்ணீரைத்தான் பச்சைத் தண்ணீராகக் கலந்து குளிப்போம் என்றதும் சபை சிரித்தது. குளிர்காலம் வந்தால் குவைத்திகள் நல்ல பங்களாவைப் பூட்டிவிட்டுப் பாலைவனத்தில் கூடாரம் போட்டுக் குடும்பத்தோடு தங்குவார்கள். அங்கே தண்ணீர் கொண்டு போனால் மச்பூஸ் என்று ஒரு கறிச்சோறு கிடைக்கும். தட்டு கிடையாது, தாம்பாளம்தான், எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

"நம்ம கல்ஃப்காரங்க வீட்டு ஷோகேஸ்ல எல்லாம் ஒரு டவர் பொம்மை இருக்குமே, நீல உருண்டை வெச்சது. அந்த உருண்டைக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"ஹோட்டல்" என்றார்கள் நாலைந்து பேர்.

"ஹோட்டலும் இருக்கு. ஆனா அதைக் கட்டினது தண்ணிக்கு. அது தண்ணித் தொட்டி!"

"அப்போ என் ஷோகேஸ்ல இத்தனை வருஷமா தண்ணித் தொட்டியையா வெச்சிருக்கேன்!" என்று ஒரு அம்மா வாயில் கை வைத்தார். அறை அதிர்ந்தது.

ஆட்சியையும் எனக்குத் தெரிந்த வழியில்தான் சொன்னேன். அமீர், மக்கள் சபை, அந்தச் சபையை அவர் கலைத்து நிறுத்தி வைத்திருப்பது எல்லாம் நோட்டில் இருந்தது, அதை இரண்டு வரியில் முடித்தேன். ஆனால் திவானியாவைப் பற்றி நோட்டில் ஒரு வரிதான் இருந்தது. அங்கே பெரிய வீடுகளில் ஆண்கள் கூடிப் பேச ஒரு தனி அறை இருக்கும், அதுதான் திவானியா. சுவரோரம் சுற்றி மெத்தை, சாயங்காலம் யாரும் வரலாம், டீ வந்துகொண்டே இருக்கும். ஓட்டுக் கேட்கிறவரும் அங்கேதான் வர வேண்டும், பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவரும் அங்கேதான். ஒரு நாள் ஒரு வீட்டில் தண்ணீர் இறக்கி முடித்துக் கையெழுத்துக்கு நின்றபோது, வீட்டுப் பெரியவர் என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, "உனக்கு ஏதாவது கஷ்டம் உண்டா?" என்றார். எனக்குத் தெரிந்த அரபியில், தண்ணீர் நிரப்புகிற இடத்தில் ரோட்டில் பள்ளம், லாரி அச்சு உடைகிறது என்றேன். பக்கத்து மெத்தையில் இருந்தவர் போனில் எதையோ குறித்துக்கொண்டார். அவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பத்து நாளில் பள்ளம் மூடியிருந்தது. "எங்க முக்குல ஒரு பள்ளம் இருக்கு, அவருக்குப் போன் போடுங்க சேட்டா!" என்று யாரோ கத்த, மறுபடியும் சிரிப்பு.

பொருளாதாரத்துக்கு வந்தபோது துறைமுகக்காரரைப் பார்த்துச் சொன்னேன். "அண்ணே, உங்க கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. ஆனா ஒண்ணு தெரியும். எண்ணெய் வர்றதுக்கு முன்னாடி அவங்க ஈராக் பக்கத்து ஆத்துல இருந்து பாய்மரப் படகுல தண்ணி கொண்டு வந்து குடிச்சாங்க. அந்தப் படகு செய்ய மரம் நம்ம மலபார்ல இருந்து போச்சு. இப்போ எண்ணெயையும் கேஸையும் எரிச்சுக் கடலைக் காய்ச்சுறாங்க. எண்ணெய் வித்துக் கார் வாங்குறாங்க, கட்டடம் கட்டுறாங்க, பேரப் பிள்ளைகளுக்குன்னு ஒரு பங்கைச் சேர்த்து வைக்கிறாங்க, எல்லாம் சரி. ஆனா முதல் செலவு தண்ணிதான். வாசல்ல ஒரு கூலர் வெச்சுப் போறவன் வர்றவன் எல்லாரும் குடிக்கட்டும்னு விட்டிருப்பாங்க, செத்துப்போன அப்பா அம்மா பேர்ல. அந்தக் கூலர்ல நான் எத்தனையோ தடவை குடிச்சிருக்கேன்." துறைமுகக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார்.

கைதட்டல் ஜப்பானுக்குக் கிடைத்ததைவிட அதிகம். இதை நான் அடக்கமில்லாமலே சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. என் தொழிலை வாய்விட்டுச் சொல்லி, அதற்குக் கைதட்டல் வாங்கியது அதுதான் முதல் தடவை. அப்பாவின் கைவண்டியைப் பற்றியும் சொல்லியிருக்கலாமே என்றுகூடத் தோன்றியது. ஆனால் முன்வரிசையில் ஒரு ஜோடிக் கை மட்டும் மடியிலேயே இருந்தது.

"வேற கேள்வி உண்டா?" என்றார் செக்ரட்டரி.

என் மனைவி எழுந்தாள். அந்த மாடியில் அவள் மலையாளம் தவிர வேறு பேசியதில்லை. இப்போது வீட்டுத் தமிழில் கேட்டாள். "வாராவாரம் நான் போன்ல அழுவேனே, தண்ணி வரலை, தண்ணி வரலைன்னு. அப்போ நீங்க எங்க நின்னு பேசுவீங்க?"

"லாரிக்குப் பக்கத்துல."

"லாரியில தண்ணி இருக்குமா?"

"சில நேரம் இருக்கும்."

"எவ்வளவு?"

"ஐயாயிரம் கேலன்."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. தமிழ் தெரியாதவர்களுக்கும் அது புரிந்துவிட்டது. தங்கச்சி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். என் மனைவி சிரிக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

செக்ரட்டரி தந்த சாயாவைக் குடிக்காமல் பின்னாலேயே ஓடினேன். மழை விட்டிருந்தது. சுக்குக் கிட்டங்கி வளைவில்தான் அவளைப் பிடிக்க முடிந்தது. குடையை மடக்கித் தரையில் குத்திக் குத்தி நடந்துகொண்டிருந்தாள். "எண்ணெய்னு சொன்னது தப்புதான்" என்று ஆரம்பித்தேன். அப்பாவின் டிரம், பள்ளிக்கூடப் பட்டப்பெயர், அவள் வீட்டார் முன்னால் மாமா நெஞ்சை நிமிர்த்தியது, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன்.

"எண்ணெய் கிடக்கட்டும்" என்றாள். "யாருக்கு வேணும் உங்க எண்ணெய்? பைப்படியில நிக்கறப்போ நான் என்ன நெனப்பேன் தெரியுமா? இவர் அங்க ஏசியில உக்காந்து பேனா பிடிக்கிறார், தண்ணி சுமக்கறது நான் ஒருத்திதான்னு நெனப்பேன். பதினேழு வருஷமும் அப்படித்தான் நெனச்சேன். நானும் இங்க அதைத்தான் சுமக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எனக்கு ஒரு துணையா இருந்திருக்குமே."

என்னைப் பற்றி வெட்கப்பட்டு வெட்கப்பட்டு, நான் அவளுக்கு அந்த ஒரு துணையைக் கொடுக்காமலே விட்டிருக்கிறேன். அவள் கோபப்படுவாள் என்று பயந்த காரணங்களில் இது இல்லவே இல்லை. நடுத்தெருவில், சுக்கு வாடையில், ஐம்பது வயசுக்கு மேல் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு, முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

"முதல் லோடு எங்க கொண்டு போனீங்க?"

"ஜஹ்ராவுக்கு. ஒரு கோழிப்பண்ணைக்கு."

அவள் நின்றாள். "கோழிக்கா?"

"கோழிக்குத்தான். பத்தாயிரம் கோழியாவது இருக்கும்."

"நான் இங்க ரெண்டு குடத்துக்கு நிக்கறேன், நீங்க அங்க கோழிக்கு ஊத்திட்டிருந்தீங்க!" என்று குடையால் என் காலில் ஒரு அடி போட்டாள். போட்டவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"ரெண்டாவது லோடு?" என்றாள்.